அயல்நாட்டில் நிரந்தர வாசம்: வட ஆர்க்காட்டிலிருந்து ஒரு நோக்கு

வினா

ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிப் பதப்பட்ட தோல் சென்னைப் பெரியமேட்டு வணிகர் வழியாக லண்டன் சந்தைக்குச் சென்ற காலந்தொட்டு, தைத்து முடித்துப் பெட்டியிலிட்ட காலணி ஆம்பூரிலிருந்து ஐரோப்பியக் கடைகளுக்குச் செல்லும் இக்காலம் வரையில், பாலாற்றங்கரையின் சரக்கு கடல் கடந்து போவதற்குச் சுங்கவரியும் தரப் பரிசோதனையும் தடையாக நின்றதுண்டே யல்லாமல், போய்ச் சேர்ந்த பின் அது அங்கே எத்தனை காலம் இருக்கலாம் என்ற கேள்வியை எந்த அரசும் எழுப்பியதில்லை. அச்சரக்கைச் செய்தவனும், அதை விற்கச் சென்றவனும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுள் மருத்துவமும் பொறியியலும் கற்றவர்களும் அதே கடலைக் கடக்கையில் அக்கேள்வி முதலில் எழுகிறது. சிலருக்கு ஆயுள் முழுவதும் தீராமல் தொடர்கிறது.

அந்நிய தேசம் ஒன்றில் சாசுவதமாக வசிக்கும் உரிமை ஒருவனுக்கு எதனால் உண்டாகிறது? அங்கே அவன் சிந்திய உழைப்பாலா, பிறந்த குலத்தாலா, ஒரே முடியின் கீழ்ப் பிரஜையாய் இருந்ததாலா, கற்ற வித்தையாலா, கொண்டுவரும் பொருளாலா, அன்றி அங்கே கழித்த ஆண்டுகளே அவ்வுரிமையை ஈட்டித் தருகின்றனவா? சென்ற நூற்றறுபது ஆண்டுகளில் இவ்வினாவுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பல விடைகள் அளிக்கப்பட்டுள்ளன. 1989-இல் இரண்டாகவும் அதன்பின் 2019-இல் மேலும் மூன்றாகவும் பிரிக்கப்பட்ட பழைய வட ஆர்க்காடு ஜில்லாவிலிருந்து கூலிகளும், வணிகர்களும், மருத்துவர்களும், தாதியரும், கணினிப் பொறியாளரும் வெவ்வேறு காலங்களில் புறப்பட்டிருப்பதால், அவ்விடைகளுள் பெரும்பாலானவற்றை இம்மண்ணிலிருந்தே பரிசோதித்துப் பார்க்க இயலும்.

உழைப்பு ஈட்டிய உரிமை

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரையில் ஏறத்தாழ 1,52,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றனர்; அவர்களில் சுமார் மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகக் கப்பலேறியவர்கள்; அவர்களை அனுப்பிய ஜில்லாக்களுள் வட ஆர்க்காடு முன்வரிசையில் இருந்தது. 1903-க்குப் பின் பிஜித் தீவுகளுக்குச் சென்ற தென்னிந்தியர் சுமார் 15,000 பேரிலும் இந்த ஜில்லாவினர் மிகுதி.

இன்று நாம் நிரந்தர வாச அனுமதி என்று வழங்குவதற்கு ஒப்பான ஏற்பாடு நேட்டாலின் தொடக்கச் சட்டங்களிலேயே இருந்தது என்பது பலர் கவனியாத செய்தி. ஐந்தாண்டு ஒப்பந்தத்தையும் மேலும் ஐந்தாண்டு சுதந்திர வாசத்தையும் முடித்தவன் இலவசமாய் ஊர் திரும்பும் உரிமை பெற்றான்; அப்பிரயாணத்தை வேண்டாமென்பவன் அதன் மதிப்புக்கு ஈடாக அரசு நிலம் கோரலாம் என்றும் சட்டம் கூறிற்று. நிலம் உண்மையில் பெற்றவர் சிலரே. அச்சலுகையும் 1891-இல் நீக்கப்பட்டது. 1895-இன் சட்டம் ஒப்பந்தம் முடிந்தபின் மறு ஒப்பந்தமும் செய்யாமல், ஊருக்கும் திரும்பாமல், அங்கேயே தங்குகிறவன் மீது ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி விதித்தது. முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி பெற்றவனுக்கு அது ஆறு மாதச் சம்பளம். காந்தியடிகள் நடத்திய 1913-ஆம் ஆண்டுப் போராட்டத்தின் பயனாக, 1914-இல் இந்தியர் நிவாரணச் சட்டம் அவ்வரியை ஒழித்தது.

ஒப்பந்தக் கூலிகளைப் பற்றி ஆராய்ந்தோர் இரு திறத்தினர். 1974-இல் வெளிவந்த தம் நூலில் ஹியூ டிங்கர் ஒப்பந்த முறையை அடிமைத்தனத்தின் புதிய வடிவமென்றே வருணித்தார். ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்டவர்களுக்கு அந்நிய மண்ணில் நிலைப்பது தண்டனையின் தொடர்ச்சி என்பது அந்நோக்கின் உட்கிடை. பிஜியில் பிறந்த வரலாற்றாசிரியர் பிரிஜ் லால் குடியேற்றப் பதிவேடுகளை ஆராய்ந்து, சென்றவருள் பலர் முன்பே ஊர்விட்டு ஊர் சென்று பிழைத்தவர்கள், தம் முடிவைத் தாமே எடுத்தவர்கள் என்று வாதிட்டார். பதிவேடு சொன்னதைச் சொல்லுமே யன்றிச் சொல்லப்படாததைச் சொல்லாது. ஆள் பிடிக்கும் ஏஜெண்டின் முன் தலையசைத்தவனுடைய சம்மதம் எத்தகையது என்பதை எந்தப் பத்தியும் காட்டுவதில்லை. ஆகவே லாலின் திருத்தம் அவசியமானதே எனினும், அது டிங்கரை முற்றிலும் இடம்பெயர்த்துவிட்டதாகக் கருதுவதற்கில்லை.

இவ்விவாதம் எவ்வாறு முடியினும், உழைப்பே உரிமைக்கு மூலம் என்னும் விடையின் பலவீனம் தெளிவு. தோட்டமுதலாளி ஆளை வேண்டினானே யன்றி அயலானை வேண்டவில்லை. ஆளின் தேவை குறைந்தவுடன் உரிமையும் குறைந்தது. பிஜியில் அது வேறு வடிவம் கொண்டது. அங்கே தங்கியோர் பிரஜைகளாயினர். ஆயினும் பூர்வகுடிகளின் நிலம் விற்பனைக்கு உரியதன்று என்னும் ஏற்பாட்டால் கரும்பு பயிரிட்டவன் குத்தகைக்காரனாகவே நின்றான். முப்பதாண்டுக் குத்தகைகள் 1997 முதல் காலாவதியாகத் தொடங்கின. 1987-இலும் 2000-இலும் நிகழ்ந்த ராணுவ, அரசியல் கவிழ்ப்புகள் ஆயிரக்கணக்கானோரை ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் மீண்டும் விண்ணப்பம் எழுதச் செய்தன. வட ஆர்க்காட்டுக் கூலியின் கொள்ளுப்பேரன் வாச உரிமைக்காக இரண்டாம் முறை வரிசையில் நின்றான்.

நிறமும் முடியும்

பிறந்த குலம் என்னும் இரண்டாம் விடை குறித்து நீள உரைக்க வேண்டுவதில்லை. ஐரோப்பிய மொழியொன்றில் சொல்வதெழுதச் சொல்லி வேண்டாதாரை விலக்கிய ஆஸ்திரேலியாவின் 1901-ஆம் ஆண்டுச் சட்டமும், பிறந்த தேசத்திலிருந்து இடைநில்லாமல் பயணம் செய்து வருவோரையே ஏற்பதென்ற கனடாவின் 1908-ஆம் ஆண்டு விதியும், இந்தியர் பிரஜையாவதற்குரிய வெள்ளையர் வகுப்பில் அடங்கார் என்று பகத் சிங் திண்ட் வழக்கில் 1923-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் பிறப்பையே அளவுகோலாகக் கொண்டவை. 1946-இல் அமெரிக்கா கதவைச் சற்றே திறந்து ஆண்டுக்கு 100 இந்தியரை ஏற்க இசைந்தபோது, அந்த எண்ணிக்கையே அக்கொள்கையின் மனநிலையை எடுத்துக்காட்டிற்று.

இதற்கு மாறாகப் பிரிட்டனின் 1948-ஆம் ஆண்டுப் பிரஜா உரிமைச் சட்டம், காமன்வெல்த் நாடுகளின் பிரஜைகள் யாவரும் அங்கே வந்து வசிக்கலாம் என்ற நிலையை விட்டுவைத்திருந்தது. ஒரே முடியின் நிழல் என்னும் இந்த மூன்றாம் விடை பதினான்கு ஆண்டுகளே தாக்குப்பிடித்தது. 1962-இன் சட்டம் வேலைச் சீட்டைக் கோரியது. 1971-இன் சட்டம் பெற்றோரோ பாட்டன் பாட்டியரோ பிரிட்டனில் பிறந்தனரா என்று பார்த்தது. நிறத்தின் பெயரைச் சொல்லாமலே நிறத்தைப் பிரித்தெடுக்கும் சாமர்த்தியம் அச்சட்டத்தில் இருந்ததென விமரிசகர் கூறுவதை மறுப்பது கடினம்.

தகுதிக்கு மதிப்பெண்

1967-இல் கனடா வகுத்த முறை உலகின் குடியேற்றச் சிந்தனையையே மாற்றிற்று. கல்வி, மொழி, வயது, தொழில் முதலான ஒன்பது அம்சங்களுக்கு மதிப்பெண் வழங்கி, நூற்றுக்கு ஐம்பது பெற்றவர் எத்தேசத்தாராயினும் ஏற்கப்படலாம் என்று அது விதித்தது. ஆஸ்திரேலியா 1973-இல் வெள்ளையர் கொள்கையைக் கைவிட்டு, 1979-இல் இதே வழியைப் பின்பற்றியது. இன்று கனடாவின் கூட்டாட்சித் திறனாளர் பிரிவில் நூற்றுக்கு 67 வேண்டும். ஆஸ்திரேலியாவில் குறைந்தது 65 மதிப்பெண்ணும் நாற்பத்தைந்துக்குக் குறைந்த வயதும் வேண்டும். தேர்வு எழுதியே வளர்ந்த நம் நடுத்தர வர்க்கத்துக்கு இம்முறை இயல்பாகவே உகந்ததாயிற்று. வேலூரிலும் ஆம்பூரிலும் ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்வுக்குப் பயிற்சி என்ற பெயர்ப்பலகைகள் அதன் அடையாளம்.

நிறத்தைவிட மதிப்பெண் நீதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது எதை அளக்கிறது? பச்சைத் தோலைக் கையால் தடவிப் பார்த்தே அதன் கனமும் குறையும் சொல்லிவிடும் தரம் பிரிப்பவரும், ஒரு தோலில் எந்தப் பகுதி காலணியின் முகப்புக்கும் எந்தப் பகுதி பக்கவாட்டுக்கும் ஆகுமெனக் கணித்துக் கழிவு குறைய வெட்டுபவரும், ஷூ கம்பெனிகளில் 'அப்பர்' என்னும் மேற்பகுதியைத் தைக்கும் ஆயிரக்கணக்கான பெண்களும் இப்பகுதியின் தலைசிறந்த திறனாளர்கள். அத்திறனுக்குச் சான்றிதழ் கிடையாது. கனடாவின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் தோல் பதனிடும் இயந்திரத்தை இயக்குபவரும் தொழிற்சாலைத் தையல் இயந்திரத்தில் பணிபுரிபவரும் நான்காம் படியில் வைக்கப்பட்டுள்ளனர். 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' என்னும் தேர்வு முறையோ மூன்றாம் படிவரையில் உள்ளவர்களையே ஏற்கிறது. அவர்கள் செய்த சரக்கை முதல் தரமென வாங்கும் தேசங்கள் அவர்களைத் திறனற்றோர் வரிசையில் வைக்கின்றன. அதே கம்பெனியின் கணக்கரும் கணினிப் பொறியாளரும் தகுதி பெறுகிறார்கள். எழுத்தறிவைக் கைவினைக்கு மேலாக வைக்கும் இந்தப் பழைய வருணாசிரம மனோபாவம் ஒட்டாவாவுக்கும் உரியதே என்று சொன்னால் கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் விளைவு அதுதான்.

அமெரிக்காவின் ஏற்பாடு மதிப்பெண்ணை விட்டு முதலாளியின் விண்ணப்பத்தைப் பற்றியது. வேலை வழியாக ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள். எந்த ஒரு தேசத்தில் பிறந்தவர்க்கும் நூற்றுக்கு ஏழுக்கு மேல் இல்லை. இது சமத்துவம் போல் தோன்றும். ஆனால் மால்டாவுக்கும் இந்தியாவுக்கும் ஒரே உச்சவரம்பு வைப்பது எத்தகைய சமத்துவம் என்பது வாதத்துக்குரியது. கணக்கு பிரஜா உரிமையைப் பாராமல் பிறந்த இடத்தைப் பார்ப்பதால், வாணியம்பாடியில் பிறந்தவர் கனடாவின் பிரஜையான பின்பும் இந்தியர் வரிசையிலேயே நிற்க நேர்கிறது; மனைவியோ கணவனோ வேறு நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் வரிசை மாறலாம். 1965-இல் பிறப்பிட ஒதுக்கீட்டை ஒழித்ததாகப் பெருமை கொண்ட சட்டத்துக்குள் பிறப்பிடம் வேறு வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. பெற்றோர் காத்திருக்கையில் பிள்ளை இருபத்தொரு வயதை எட்டிவிட்டால் குடும்ப விண்ணப்பத்திலிருந்து அது விலகிப்போகவும் கூடும்.

வேலூரின் மருத்துவர்கள்

இதுகாறும் கூறியவை ஏற்கும் நாடுகளின் விடைகள். அனுப்பும் நாட்டின் பக்கம் எழுந்த கேள்வி வேறு: நிரந்தரமாகப் போய்விடுகிறவன் இம்மண்ணுக்கு எதையேனும் கடன்பட்டிருக்கிறானா? இதற்கு வேலூரைப் போலப் பொருத்தமான உதாரணம் அரிது.

மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கட்டர் 1900-இல் ஒரே படுக்கையுடன் தொடங்கிய சிகிச்சையகம், 1909-இல் தாதியர் பள்ளியாகவும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் கிளைத்து, 1946-இல் தாதியர் பட்டப் படிப்பை நாட்டிலேயே முதலாவதாகத் தொடங்கிய நிறுவனங்களுள் ஒன்றாய், கிறித்துவ மருத்துவக் கல்லூரி என்னும் பெரும் ஸ்தாபனமாக வளர்ந்தது. திருச்சபைகளின் ஆதரவில் அங்கே பயில்வோர் படிப்பு முடிந்தபின் இரண்டாண்டுகள் மிஷன் மருத்துவமனைகளில் சேவை செய்யக் கடமைப்பட்டவர்கள். கல்விக்கு ஈடாகக் காலத்தைக் கேட்பது இம்முறையின் தத்துவம்.

இத்தத்துவத்தைத் தேசம் முழுமைக்கும் விரிக்கலாமா என்பதே 1970-களின் விவாதம். பொருளியலறிஞர் ஜகதீஷ் பகவதி, செல்வ நாடுகளில் குடியேறும் கற்றோரின் வருமானத்தின் மீது மிகைவரி விதித்து அதை ஏழை நாடுகளுக்குச் சேர்க்க வேண்டுமென முன்மொழிந்தார். ஹெர்பர்ட் க்ரூபலும் அந்தோணி ஸ்காட்டும் அதற்கு முன்பே, 1966-இல், போகிறவன் தன் உழைப்பையும் அதற்குரிய ஊதியத்தையும் ஒருசேர எடுத்துச் செல்வதால் எஞ்சியிருப்போர்க்குப் பெருநஷ்டமில்லை என்று வாதிட்டிருந்தனர். 1990-களில் ஓடெட் ஸ்டார்க் முதலானோர், வெளிநாடு செல்லும் நம்பிக்கையாலேயே பலர் கற்கிறார்கள், கற்றவர் யாவரும் போய்விடுவதில்லை, ஆகவே போக்கு வரவாகவும் ஆகலாம் என்றனர். மூன்று வாதங்களிலும் ஓரளவு உண்மை உண்டு. மருத்துவத்தைப் பொறுத்தமட்டில் க்ரூபல், ஸ்காட் வாதமே மிகவும் தளர்ந்தது என்பது என் கருத்து. ஒரு தாலுகாவின் ஒரே மயக்க மருந்து நிபுணர் போய்விட்டால் அங்கே அறுவைச் சிகிச்சையே நின்றுவிடுகிறது. அவருடைய ஊதியம் மட்டும் போனதாகக் கணக்கெழுதுவது பொருந்தாது.

இவ்விடத்தில் பலர் கவனிக்கத் தவறும் ஒரு ஒற்றுமை உண்டு. பரிமாற்ற விசாவில் அமெரிக்கா சென்று பயிற்சி பெறும் அயல்நாட்டு மருத்துவர், பயிற்சி முடிந்ததும் இரண்டாண்டு தாய்நாட்டில் வசிக்க வேண்டுமென்பது அந்நாட்டுச் சட்டம். 1994-இல் செனட்டர் கான்ராடின் முயற்சியால் வந்த திருத்தத்தின்படி, மருத்துவர் பற்றாக்குறையுள்ள அமெரிக்கப் பகுதியில் மூன்றாண்டு பணிபுரிய இசைபவருக்கு அந்நிபந்தனை தள்ளுபடியாகிறது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு முப்பது இடம். வேலூர் தன் மாணவரிடம் குக்கிராமத்துக்காக இரண்டாண்டு கேட்கிறது; அமெரிக்கா தன் குக்கிராமத்துக்காக மூன்றாண்டு பெற்றுக்கொண்டு நிரந்தர வாசத்துக்கு வழிவிடுகிறது. மருத்துவரின் காலம் இரு தேசங்களிலும் கிராமத்துக்கே தேவைப்படுகிறது. எந்தக் கிராமத்துக்கு என்பதை விசாச் சட்டம் தீர்மானிக்கிறது. தாதியர்க்கு அந்நாடு இன்னும் எளிய வழி வைத்திருக்கிறது: உள்நாட்டில் ஆள் கிடைக்கவில்லை என்று தனித்தனியே நிரூபிக்க வேண்டாத தொழில்களுள் தாதிமை ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் இயற்றிய ஆள்சேர்ப்பு ஒழுங்குமுறை இவையெல்லாவற்றையும் கட்டுப்படுத்த முயல்கிறது. ஆனால் அது எவரையும் கட்டாயப்படுத்தும் சட்டமன்று.

பொருள் தரும் வாசம்

வளைகுடா நாடுகள் நெடுங்காலம் கொண்டிருந்த விடை மிகச் சுருக்கமானது: நிரந்தர வாசம் எவருக்கும் இல்லை. மேல்விஷாரத்திலிருந்தும் பேர்ணாம்பட்டிலிருந்தும் சென்றவர் முப்பதாண்டு வேலை செய்தாலும், இக்காமா என்னும் அவருடைய வசிப்பு அனுமதி, கஃபீல் என்னும் பொறுப்பாளரின் கையெழுத்தைப் பற்றியே நின்றது. வேலை போனால் வாசமும் போயிற்று. 1990-இல் குவைத்தை இராக் ஆக்கிரமித்தபோது சுமார் 1,70,000 இந்தியர் விமானங்களில் திரும்ப நேர்ந்தது இந்நிலையின் நிலையாமையைக் காட்டிற்று. 2019-இல் சவுதி அரேபியா ஒரேமுறை 8 லட்சம் ரியால் செலுத்துவோர்க்குக் காலவரையற்ற வாசம் அறிவித்தது. ஐக்கிய அமீரகம் பத்தாண்டுத் தங்க விசாவைத் தொடங்கிற்று.

அமெரிக்காவிலும் 1990 முதல் முதலீட்டு வழி உண்டு. 2022-இன் திருத்தத்துக்குப் பின் பின்தங்கிய பகுதிகளில் 8 லட்சம் டாலரும், பிற இடங்களில் 10.5 லட்சம் டாலரும் முதலிட்டுப் பத்துப் பேருக்கு வேலை அளிக்க வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஒருவர் ஓராண்டில் 2.5 லட்சம் டாலருக்கு மேல் வெளியே அனுப்ப இயலாதாகையால், தோல் ஏற்றுமதியில் செழித்த குடும்பங்களும் பலர் பெயரில் பங்கிட்டு அனுப்ப நேர்கிறது. பணத்துக்கு வாசத்தை விற்பது இழிவு என்பார் ஒரு சாரார். வேலை உண்டாக்குபவனை ஏற்பதில் தவறென்ன என்பார் மற்றொரு சாரார். விற்கப்படுவது பொருளா, அரசியல் சமூகத்தில் பங்கா என்பதை முதலில் தீர்க்காமல் இவ்வாதம் முடிவுறாது.

காலமே உரிமையா

தத்துவஞானிகள் இப்பிரச்சினையை வேறு வகையில் நோக்கினர். 1795-இல் எழுதிய நித்திய சமாதானம் பற்றிய கட்டுரையில் காண்ட், அந்நியனுக்கு வந்து போகும் உரிமை உண்டு, தங்கும் உரிமை இல்லை என்று வரையறுத்தார். 1948-இன் மனித உரிமைப் பிரகடனமும் எந்நாட்டையும் விட்டுச் செல்லும் உரிமையைக் கூறுகிறதே யன்றி எந்நாட்டிலும் நுழையும் உரிமையைக் கூறவில்லை. மைக்கேல் வால்ஸர் 1983-இல், யாரை ஏற்பது என்பது சமூகத்தின் உரிமை, ஆனால் ஏற்று வேலை வாங்கியபின் அவரைப் பிரஜையாக்க மறுப்பது கொடுங்கோன்மை என்றார். ஜோசப் கேரன்ஸ் இன்னும் மேலே சென்று, அனுமதியின்றி வந்தவரேயாயினும் பல்லாண்டு வேரூன்றியபின் நிலைக்கும் உரிமை பெறுகிறார், காலமே அவ்வுரிமையின் மூலம் என்று வாதிட்டார். வந்த விதத்தைப் பொருட்படுத்தாவிடில் சட்டத்தை மதித்துக் காத்திருப்பவருக்கு அநீதியாகாதா என்ற ஆட்சேபத்துக்கு அவர் அளிக்கும் சமாதானம் எல்லோர்க்கும் திருப்தியளிப்பதன்று.

காலத்தை மட்டும் நம்பியவர்க்கு நேர்ந்த கதியை இலங்கை காட்டிற்று. மூன்று தலைமுறை தேயிலை பறித்த மலையகத் தமிழரை 1948-இன் சட்டம் நாடற்றவராக்கிற்று. 1964-இன் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு அரசுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன.

இவ்வினா வேலூருக்கு வெளியே மட்டும் எழுவதன்று. நகரை அடுத்த மேல்மொணவூர் முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்க்கு மாநில அரசு 2021-இல் புதிய வீடுகளுக்கான பணியைத் தொடங்கிற்று. வீடு கிடைத்தது, நிரந்தர வாசம் கிடைக்கவில்லை. 2003-இன் பிரஜா உரிமைத் திருத்தம் உரிய ஆவணமின்றி வந்தவரை விண்ணப்பிக்கவே இயலாதபடி செய்தது. 2019-இன் திருத்தம் மூன்று அண்டை நாடுகளைக் குறிப்பிட்டு இலங்கையை விட்டுவிட்டது. அதே இந்தியா, 2016-இல் 18 மாதங்களில் 10 கோடி ரூபாய் முதலிடும் அயல்நாட்டாருக்கு நிரந்தர வாச அந்தஸ்தை அறிவித்தது; வேறு தேசத்தின் பிரஜையாகிவிட்ட நம்மவர்க்கு 2005 முதல் ஆயுட்கால விசாவுக்கு ஒப்பான அயல்நாட்டு இந்தியர் அட்டையையும் வழங்கி வருகிறது.

தீராதவை

இவ்விடைகளுள் எதுவும் மற்றொன்றை முற்றிலும் ஒழிக்கவில்லை. மதிப்பெண் முறைக்குள் வயதும் பிறப்பிடமும் ஒளிந்திருக்கின்றன. முதலீட்டு விசாவில் நேட்டாலின் பழைய நிலச்சலுகையைத் தலைகீழாகக் காணலாம். ஜெர்மனி உயர்திறன் பணியாளர்க்குரிய நீலஅட்டை பெற்றவருக்கு மொழித் தேர்ச்சியைப் பொறுத்து 21 அல்லது 27 மாதங்களில் நிரந்தர வாசம் அளிக்கையில், பிரிட்டன் 2025 மே மாத அறிக்கையில் ஐந்தாண்டுக் காத்திருப்பைப் பத்தாக உயர்த்த எண்ணியது. காத்திருக்கும் ஆண்டுகளுக்கு உரிமை ஏதும் உண்டா, விதி இடையில் மாறினால் முன்பே சென்றவரை அது கட்டுப்படுத்தலாமா என்பது நீதிமன்றங்களாலும் தத்துவத்தாலும் இன்னும் தீர்க்கப்படவில்லை.

வாணிப உடன்படிக்கைகளிலிருந்து இதற்குத் தீர்வு வருமென எதிர்பார்ப்போரும் உளர். அந்நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. 1995 முதல் அமலிலுள்ள சேவை வாணிப உடன்படிக்கையின் இணைப்பே, பிரஜா உரிமையும் நிரந்தர வாசமும் நிரந்தர வேலையும் தன் வரம்புக்குட்பட்டவை அல்ல என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. 2025 ஜூலை 24-இல் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் உடன்படிக்கையும் இந்தியக் காலணிக்குச் சுங்கவரியை நீக்க இசைந்தது. ஆட்களுக்குத் தற்காலிகப் பிரவேசத்தை மட்டுமே பேசிற்று. கைவினைத் திறனைச் சான்றிதழின்றி மதிப்பிடும் வழியை எந்நாடும் இதுவரை கண்டதாகத் தெரியவில்லை; காண்பது சாத்தியமா என்பதும் ஆராயப்பட வேண்டியதே. அனுப்பும் தேசம் கேட்கத்தக்க ஈடு எது என்பதில் பகவதியின் காலத்திலிருந்து அதிகம் முன்னேறவில்லை.

ஒன்று மட்டும் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லலாம். அகதியாக வந்து பல்லாண்டு இங்கேயே வாழ்ந்தவர்க்கும், முகாமிலேயே பிறந்து வளர்ந்தவர்க்கும் நிலைத்த வாச உரிமையை அளிக்கும் சட்டம் ஒன்றை இந்திய நாடாளுமன்றம் இயற்றும் வரையில், அயல்நாடுகளில் காத்திருக்கும் நம்மவர் சார்பாக நாம் எடுத்துரைக்கும் நியாயம் பாதி வலுவுடையதாகவே இருக்கும்.